கிரெனாஷ், சிரா, மூர்வெத்ர கலந்த சிவப்பு ஒயினுக்கு நம் வீட்டுச் சமையலில் எது பொருந்தும்?

கேள்வி: பாமணிக்கரை (மன்னார்குடி)

அனைவருக்கும் வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். என் மகன் பிரான்சில் லியோன் நகரில் பணியாற்றுகிறான். வரும் பொங்கலுக்கு அவனோடு வேலை பார்க்கும் ஒரு பிரெஞ்சுத் தம்பதியர் எங்கள் வீட்டுக்கு வந்து சில நாள் தங்கவிருக்கிறார்கள். தங்கள் சொந்த ஊர்ப் பக்கம் விளைந்த சிவப்பு ஒயின் இரண்டு புட்டிகளைக் கொண்டுவந்து, கரிநாளன்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டோடு அருந்த வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. மகன் அனுப்பிய படத்தில் புட்டியின் மேல் ‘கோத் து ரோன் வில்லாஜ்’ என்று இருக்கிறது. பின்பக்கச் சீட்டில் கிரெனாஷ் 60 விழுக்காடு, சிரா 25, மூர்வெத்ர 15 என்றும், ஆல்கஹால் 14.5 விழுக்காடு என்றும் எழுதியிருக்கிறது.

நானும் என் துணைவியாரும் மது அருந்துவதில்லை. ஆயினும், தங்கள் மண்ணின் விளைச்சல் என்று பெருமையோடு ஒருவர் எடுத்துவரும் பொருளை எங்கள் குழம்பு கெடுத்துவிட்டது என்றோ, அந்தப் பொருள் என் மனைவியின் கைப்பக்குவத்தைக் கெடுத்துவிட்டது என்றோ ஆகிவிடக் கூடாது என்பதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு. பழக்கமில்லாத மேல்நாட்டு உணவு எதையும் சமைக்கப் போவதில்லை என்று அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அதுவே சரி என்று நானும் நினைக்கிறேன். எனவே நான் கேட்பவை இவைதாம்: இந்த மூன்று வகைத் திராட்சைப் பழங்களை எதற்காகக் கலக்கிறார்கள்? அந்தக் கலவையின் குணம் என்ன? நம் தஞ்சை வட்டாரச் சமையலில் அதனோடு இணங்கக்கூடியவை எவை, தவிர்க்க வேண்டியவை எவை? அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாவேன்.


மறுமொழி: காரைக்கால் மேசை

ஐயா, வணக்கம். காரைக்காலில் பிறந்து, பாரிசில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உணவகங்களில் மேசைப் பணி பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். தாங்கள் குறிப்பிடும் கலவையைக் கணக்கில்லாத முறை பரிமாறியிருக்கிறேன் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

லியோனிலிருந்து ரோன் ஆற்றோடு ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் தெற்கே சென்றால் அவிஞோன் நகரைச் சுற்றி இந்தத் திராட்சைத் தோட்டங்கள் தொடங்கும். கோடையில் கடும் வெயிலும், வடக்கிலிருந்து மிஸ்த்ரால் என்னும் உலர்காற்றும் மாறி மாறி வாட்டும் பூமி அது. அந்த வெயிலையும் காற்றையும் தாங்கி நன்கு பழுப்பது கிரெனாஷ். அதில் சர்க்கரை மிகுதி என்பதால் நொதித்த பின் ஆல்கஹாலும் மிகுதி. செந்நிறப் பழங்களின் இனிய வாசம் அதற்கு உண்டு. ஆனால் தோல் மெல்லியது, நிறம் குறைவு, புளிப்பும் குறைவு. காற்றுப் பட்டால் விரைவில் நிறம் மங்கி வாசம் கெட்டுவிடும் பழமும் அதுவே. சிரா இதற்கு ஆழ்ந்த நிறத்தையும் கட்டமைப்பையும் மிளகு போன்ற காரமணத்தையும் தருகிறது. மூர்வெத்ர தடித்த தோலுடையது, காலந்தாழ்ந்து பழுப்பது. துவர்ப்பையும் இறைச்சியை நினைவூட்டும் ஒரு கனத்த மணத்தையும் கொண்டுவருவதோடு, கிரெனாஷ் காற்றில் கெடாமல் காக்கும் வேலையையும் செய்கிறது. பெரும்பாலும் ஒவ்வொரு பழத்தையும் தனித்தனியே நொதிக்கவைத்து, பின்னர் சுவைத்துப் பார்த்து விகிதம் முடிவு செய்து கலப்பார்கள். இட்லி மாவில் புழுங்கலரிசியும் உளுந்தும் வெந்தயமும் சேர்வதைப் போன்றது என்று தங்கள் துணைவியாரிடம் சொன்னால் உடனே விளங்கிவிடும். அங்கும் அரிசியே மிகுதி, ஆனால் அரிசி மட்டும் போதாது. அதே வட்டாரத்தின் புகழ்பெற்ற சாத்தோநெஃப் து பாப் ஒயினுக்கு விதிப்படி 13 வகைப் பழங்களைப் பயன்படுத்தலாம் என்றாலும், அங்கும் பெரும்பங்கு கிரெனாஷுக்கே.

சிராவின் மிளகு மணம் வெறும் உவமை அன்று. 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அந்த மணத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்னும் பொருளைக் கண்டறிந்தார்கள். நம் குறுமிளகின் மணத்திலும் அதே பொருள் இருக்கிறது. ஆய்வில் பங்கேற்றவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அந்த மணம் தெரியவே இல்லை என்பதும் அதில் வெளிப்பட்டது. ஆகவே நம் அடுக்களையிலிருந்து இந்த ஒயினை நோக்கிச் செல்லும் வழி மிளகின் வழியாகவே தொடங்குகிறது.

இனி, எச்சரிக்கையாக இருக்க வேண்டியவற்றில் முதலாவது மிளகாய். மிளகாயின் எரிச்சலை நாக்கு எந்த நரம்புவாயில் வழியாக உணர்கிறதோ, அதே வாயிலை ஆல்கஹாலும் தூண்டுகிறது. 14.5 விழுக்காடு என்பது ஒயினில் உயர்ந்த அளவு. காரக் குழம்பை உண்டுவிட்டு இதைக் குடித்தால் எரிச்சல் இரட்டிப்பதோடு பழத்தின் வாசமும் மறைந்துபோகும். இரண்டாவது, புளி. புளியம்பழத்தின் புளிப்புக்கும் திராட்சையின் புளிப்புக்கும் மூலமான அமிலம் ஒன்றே; டார்டாரிக் அமிலம் என்பார்கள். உறவு இருக்கிறதே என்று இரண்டையும் சேர்த்துவிடக் கூடாது. உணவின் புளிப்பு ஒயினின் புளிப்பை மிஞ்சினால், அடுத்து வாயில் படும் ஒயின் சாரமற்ற தண்ணீர்போல் தோன்றும். இயல்பிலேயே புளிப்புக் குறைந்த கிரெனாஷ் மிகுந்த கலவைக்கு இந்த இடர் இன்னும் அதிகம்.

துணை நிற்பவை கொழுப்பும் புரதமும் அளவான உப்பும். ஒயினின் துவர்ப்பு என்பது நாவற்பழம் தின்றபின் நாக்கு இழுத்துப்பிடிக்குமே, அதே வகை. அது எச்சிலின் புரதத்தோடு ஒட்டுவதால் உண்டாவது. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் வாயில் இருக்கும்போது அந்தத் துவர்ப்பு தணிந்து பழச்சுவை மேலே வரும். எனவே என் பரிந்துரை, தேங்காயும் சோம்பும் கசகசாவும் அரைத்துச் சேர்த்து, மிளகாயை வெகுவாகக் குறைத்து மிளகை முன்னிறுத்திய ஆட்டுக்கறி வறுவல். அதைவிடவும் ஒரு படி மேலாக நான் சொல்வது வாத்துக்கறி. தை மாதத்தில் சம்பா அறுத்த வயல்களில் வாத்து மந்தைகள் இறங்கிவிடும். தாங்கள் தேடி அலைய வேண்டியிருக்காது.

சோற்றோடு சிவப்பு ஒயினா என்று யாரேனும் ஐயுற்றால், ரோன் ஆறு கடலில் கலக்குமுன் ஆர்ல் நகரருகே இரண்டாகப் பிரிந்து கமார்க் என்னும் கழிமுகச் சமவெளியை உண்டாக்குகிறது என்பதைச் சொல்லுங்கள். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது அயலாகத் தோன்றாது. கமார்க்கில் நெல் விளைகிறது. அங்கே காளை இறைச்சியைச் சிவப்பு ஒயினில் ஊறவைத்து நெடுநேரம் வேகவைத்து, அந்த ஊர்ச் சோற்றோடுதான் பரிமாறுகிறார்கள். அதற்குத் துணையாக அருந்துவதும் பெரும்பாலும் இதே வட்டாரத்துச் சிவப்பு ஒயின்தான்.


மறுமொழி: குடந்தை அடுப்படி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். காரைக்கால் அண்ணன் எழுதியவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் இறைச்சியோடு நிறுத்திக்கொண்டார் என்பது என் குறை. எங்கள் வீடு சைவம். என் மகளைக் கொடுத்த இடம் புதுச்சேரியில் மூன்று தலைமுறையாகப் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். விருந்து என்றால் மேசையில் ஒயின் இருக்கும். சம்பந்தியம்மாளும் நானும் பத்தாண்டுகளாக எது சேர்கிறது, எது சேரவில்லை என்று பார்த்துவருகிறோம். ஒரு வாய் சுவைத்துப் பார்ப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

கும்பகோணம் கடப்பாவைத் தாங்கள் அவசியம் முதலில் வைக்க வேண்டும். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வெந்து குழைந்த அந்தப் பதத்தில் தேங்காய், பொட்டுக்கடலை, கசகசா, சோம்பு ஆகியவற்றின் அரைப்பு சேரும்போது கிடைக்கும் கொழுமையும் மென்மையும் கிரெனாஷ் மிகுந்த ஒயினை மிக நன்றாகத் தாங்குகின்றன. பச்சைமிளகாயை இரண்டாகக் குறைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை பிழியும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அன்று மட்டும் விட்டுவிடுங்கள். இட்லியோடு கொடுக்கலாம். சேனைக்கிழங்கை வேகவைத்து, நல்லெண்ணெயில் மிளகும் சோம்பும் பொடித்துப் போட்டு ஓரம் சிவக்க வறுத்தால், மூர்வெத்ரவின் கனத்த மணத்துக்கு ஈடுகொடுக்கும் ஒரே காய்கறி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தைப்பொங்கல் சமயம் பச்சை மொச்சை நிறைய வரும். அதைத் தேங்காய்ப்பால் விட்டுக் கூட்டாகச் செய்யலாம்.

புளியைப் பற்றி அண்ணன் சொன்னது வற்றல் குழம்புக்கு முற்றிலும் பொருந்தும். ஒருமுறை சுண்டைக்காய் வற்றல் குழம்பு சாப்பிட்ட வாயோடு சுவைத்தேன். இரும்புப் பாத்திரத்தில் வெகுநேரம் கிடந்த தண்ணீரைக் குடித்ததுபோல் இருந்தது. ஆனால் புளியை அறவே விலக்க வேண்டியதில்லை என்பதே என் அனுபவம். பிஞ்சுக் கத்தரிக்காயை நான்காகப் பிளந்து எள்ளும் வேர்க்கடலையும் தேங்காயும் அரைத்து அடைத்து, நெல்லிக்காய் அளவுக்கும் குறைவான புளியைக் கரைத்துவிட்டு எண்ணெய் பிரியும்வரை சுண்டவைக்கும் எண்ணெய்க் கத்தரிக்காய் நன்றாகவே சேர்ந்தது. எள்ளின் கொழுப்பு புளியை மூடிவிடுகிறது. கடைசியில் ஒரு சிட்டிகை வெல்லம் போடும் பழக்கம் இருந்தால் அதைக் கைவிட வேண்டாம், ஆனால் கூட்டவும் வேண்டாம். ஏனெனில் இந்த ஒயினில் இனிப்பு இல்லை. உணவு இனித்தால் ஒயின் கசக்கும். முதல் நாள் செய்த சர்க்கரைப் பொங்கலில் மீதமிருந்தால் அதை ஒயின் எடுத்த பிறகு பரிமாறுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணிப் பக்கத்து வீடுகளில் பன்னீர் திராட்சையும் சர்க்கரையும் போட்டு ஊறவைக்கும் இனிப்பான திராட்சை ரசத்தை நினைத்துக்கொண்டு யாரேனும் உங்களுக்கு யோசனை சொன்னால் எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்குக் கேக்கும் முறுக்கும் சேரும், இதற்குச் சேராது.

ஆட்டுக்கறி அளவு பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் காரத்தைக் குறைப்பது எப்படி என்று தெரியும். மிளகாயைக் குறைத்ததும் நிறம் போய்விட்டதே என்று அம்மா வருந்தினால், விதை நீக்கிய மிளகாய் மூன்று நான்கை மட்டும் வெந்நீரில் ஊறவைத்து அரைக்கச் சொல்லுங்கள். நிறம் நிற்கும், எரிச்சல் நிற்காது. மிளகை முன்னதாகப் பொடித்து வைக்காமல், இறக்கும் நேரத்தில் உரலில் ஒன்றிரண்டாக இடித்துப் போட வேண்டும்.


மறுமொழி: நாகைத் துறை

நாகப்பட்டினத்தவன் என்ற முறையில் மீனைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் விருந்தினர் கடலோரம் வந்திருக்கிறார்களே என்று வஞ்சிரமும் மத்தியும் வாங்கிவிடத் தோன்றும். சிவப்பு ஒயினோடு மீன் உண்டால் பின்நாக்கில் ஒரு கவிச்சல் எழும். இது வெறும் பழக்கப் பேச்சாக இருக்கும் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒயினில் உள்ள இரும்பே இதற்குக் காரணம் என்று காட்டினார்கள். மீனின் கொழுப்போடு இரும்பு சேரும்போது அந்த வாடை உண்டாகிறது. இரும்பு மிகுந்த ஒயினில் வாடையும் மிகுதியாக இருந்தது. அதனால் எண்ணெய்ச் சத்துள்ள மத்தி, அயிலை ஆகியவை அன்று வேண்டவே வேண்டாம். கருவாட்டைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. ஆற்று விரால் கொழுப்புக் குறைந்தது என்பதால் மிளகு தடவி வறுத்தால் ஓரளவு பொறுத்துப்போகும். ஆனாலும் என் கருத்தில், மீனும் நண்டும் வேறொரு நாள் ஒயின் இல்லாமல் சமைப்பதே அவற்றுக்கும் மரியாதை.

நாகூர்ப் பக்கத்து முறையில் ஆட்டுக்கறிப் பிரியாணி செய்யத் தெரிந்தவர்கள் அருகில் இருந்தால், அதை நான் வறுவலுக்கும் மேலாகச் சொல்வேன். நெய்யும் பட்டையும் கிராம்பும் ஏலமும் அந்த ஒயினின் பழவாசத்தோடு நன்கு கலக்கும். தால்ச்சாவை மட்டும் தள்ளி வையுங்கள். அதில் புளி இருக்கிறது.


மீண்டும்: பாமணிக்கரை

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. துணைவியாருக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். இட்லி மாவு உவமையைக் கேட்டதும், ‘அப்படியானால் அந்த மூர்வெத்ரதான் வெந்தயம்’ என்றார். வாத்துக்கறியும் கடப்பாவும் சேனை வறுவலும் எண்ணெய்க் கத்தரிக்காயும் என்று முடிவு செய்திருக்கிறோம். இன்னும் சில ஐயங்கள் உள்ளன. எங்கள் வீட்டில் வாழையிலையில்தான் பரிமாறுவோம். குழம்பு, ரசம், தயிர் என்று வரிசையாக வரும் சாப்பாட்டில் ஒயினை எந்த இடத்தில் வைப்பது? புட்டியை எப்போது திறப்பது? எந்த அளவு குளிர்ச்சியில் கொடுப்பது? விருந்தினர் 10ஆம் தேதியே வந்துவிடுவதால், கரிநாள்வரை புட்டியை எங்கே வைத்திருப்பது என்றும் சொல்ல வேண்டும்.


மறுமொழி: காரைக்கால் மேசை

குடந்தை அம்மாவின் எண்ணெய்க் கத்தரிக்காய்த் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். எள்ளை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

வாழையிலை பற்றிய தங்கள் கேள்வி மிக முக்கியமானது. பிரெஞ்சு விருந்தில் உணவு ஒன்றன்பின் ஒன்றாக வரும், ஒவ்வொன்றுக்கும் ஒயின் மாறும். நம் இலையில் பல சுவைகள் ஒரே நேரத்தில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஊறுகாயும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே சாப்பாட்டை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். முதலில் இலையில் இட்லி, கடப்பா, சேனை வறுவல், கத்தரிக்காய், வாத்துக்கறி, கொஞ்சம் வெறுஞ்சோறு. ஊறுகாயும் குழம்பும் ரசமும் அடுக்களையிலேயே இருக்கட்டும். இந்தப் பகுதிக்கு மட்டும் ஒயின். அரை மணியோ முக்கால் மணியோ கழிந்து, கண்ணாடிக் குவளைகளை எடுத்தபின், ரசமும் தயிரும் பாயசமும் வழக்கம்போல் வரட்டும். நான் பணியாற்றிய ஓர் உணவகத்தில் தமிழ் விருந்து ஒன்றுக்கு எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துவிட்டு, நல்ல ஒயின் ஒன்று ரசத்தோடு வீணாவதைக் கையைப் பிசைந்துகொண்டு பார்த்திருக்கிறேன்.

குளிர்ச்சியைப் பொறுத்தவரை, சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் கொடுக்க வேண்டும் என்று எங்கேனும் படித்திருப்பீர்கள். அந்தச் சொல் மின்விசிறியும் ஓட்டுக்கூரையும் உள்ள நம் வீட்டு அறையைக் குறிப்பதன்று. கல்லால் கட்டிய பழைய ஐரோப்பிய வீட்டின் குளிர்ந்த அறையைக் குறிப்பது. இந்தக் கலவைக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் போதும். தை மாத நண்பகலில் மன்னார்குடியில் 28 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் மூக்கில் ஏறி, பழமும் மிளகும் அதற்குப் பின்னால் ஒளிந்துவிடும். எனவே சாப்பாட்டுக்கு முக்கால் மணி முன்னதாகப் புட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுங்கள். தொட்டால் மண்பானைத் தண்ணீரின் குளுமை இருக்க வேண்டும்; ஐஸ் தண்ணீர்போல் சில்லிட்டால் துவர்ப்பு தடித்துவிடும்.

திறந்தவுடன் வாயகன்ற கண்ணாடிக் கூஜா ஒன்றில் மெதுவாக ஊற்றி இருபது நிமிடம் வையுங்கள். மூர்வெத்ரவின் மணம் முதலில் சற்று மூடியிருக்கும். காற்றுப் பட்டதும் மலரும். கூஜா இல்லையென்றால் குவளையில் ஊற்றி வைத்தாலும் போதும், புட்டியைத் திறந்து அப்படியே விட்டுவைப்பதால் மட்டும் பயனில்லை, கழுத்துக் குறுகலாக இருப்பதால் காற்று உள்ளே செல்லாது. குவளையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். 750 மில்லி கொண்ட ஒரு புட்டி ஐந்து பேருக்கு 150 மில்லி வீதம் வரும். அருந்துபவர்கள் மூவர் என்றால் ஒரு புட்டியே அன்றைக்கு நிறைவு. மீந்தால் தக்கையைத் திரும்ப அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, இரண்டு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். கிரெனாஷுக்குக் காற்று பகை என்று முன்பே எழுதினேன். தக்கை திருகியை விருந்தினரே கொண்டுவரும்படி மகனிடம் சொல்லிவிடுங்கள். விமானத்தில் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் வைக்க வேண்டும்.

வாத்து பற்றி ஒரு சொல். அதன் தோலடிக் கொழுப்பை முற்றிலும் நீக்கிவிடாதீர்கள். தோல் பக்கம் கீழிருக்குமாறு கனமான இரும்புச் சட்டியில் மெல்லிய தீயில் வதக்கினால் கொழுப்பு உருகி வெளியே வரும். அந்தக் கொழுப்பிலேயே சின்ன வெங்காயத்தையும் இஞ்சி பூண்டையும் வதக்கினால் தனியே எண்ணெய் வேண்டாம். தக்காளியை ஒன்றோடு நிறுத்துங்கள். முற்றிய வாத்து வேக ஒன்றரை மணி நேரமாவது ஆகும்.


மறுமொழி: வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்)

புட்டியை எங்கே வைப்பது என்பதற்கு மட்டும் என் பட்டறிவைச் சொல்கிறேன். என் தம்பி கொண்டுவந்து கொடுத்த நல்ல ஒயின் ஒன்றைப் பத்திரம் என்று எண்ணி மாடியறைப் பரணில் வைத்தேன். சித்திரை கழிந்து எடுத்தபோது தக்கை சற்று வெளியே தள்ளியிருந்தது, கழுத்தில் கசிந்த கறை இருந்தது. உள்ளே இருந்தது காய்ச்சிய பழக்கூழ்போல மணத்தது. அந்த இழப்பு இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. தையில் அவ்வளவு வெயில் இல்லை என்றாலும் சமையலறை, பரண், சன்னலோரம் ஆகியவை வேண்டாம். நெல் குதிர் இருந்த பழைய உள்ளறை போன்ற இருண்ட இடம் இருந்தால், ஈரத் துணி சுற்றிப் படுக்கவைத்து விடுங்கள். சில நாள்தான் என்பதால் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தாலும் குற்றமில்லை. ஆனால் அங்கிருந்து எடுத்தால் சாப்பாட்டுக்கு ஒரு மணி முன்பே வெளியே வைக்க வேண்டும்.


மீண்டும்: பாமணிக்கரை

பொங்கல் நன்றாகக் கழிந்தது. நடந்ததைத் தங்களுக்குத் தெரிவிப்பது என் கடமை.

கரிநாளன்று கூடத்தில் ஐந்து இலைகள் போட்டோம். காரைக்கால் நண்பர் சொன்னபடியே சாப்பாட்டை இரண்டாகப் பிரித்தோம். ஒயின் புட்டி உள்ளறையில் ஈரத்துணியோடு கிடந்து, முக்கால் மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் இருந்து, பின்னர் கூஜாவுக்கு வந்தது. வாத்து வடுவூர்ப் பக்கத்து வயலில் மேய்ந்தது. கடப்பாவோடு முதல் மிடறு அருந்திய விருந்தினர், இந்த ஒயின் தன் பாட்டி வீட்டுப் பருப்புக் களியோடு இருந்ததுபோலவே இருக்கிறது என்றார். மகன் மொழிபெயர்த்தபோது என் மனைவி முகத்தில் தெரிந்த நிறைவை நான் என்றும் மறவேன். ஆயினும் அன்றைய முதலிடம் வாத்துக்கறிக்கே. இறக்கும் நேரத்தில் இடித்துப் போட்ட மிளகுக்குப் பிறகு குவளையை எடுத்த அந்த அம்மையார், கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பேசவே இல்லை. அவருடைய கணவருக்கோ ஒயினில் மிளகின் வாசமே தெரியவில்லையாம்; பழம் மட்டுமே தெரிகிறது என்றார். ஐந்தில் ஒருவர் என்று இங்கே படித்ததை எடுத்துச் சொன்னேன். பன்னிரண்டு ஆண்டுகளாக மனைவி சொல்லும் மிளகு எங்கே என்று தான் தேடிக்கொண்டிருந்ததாகச் சொல்லி, அதன் காரணம் கிடைத்ததில் பெரிதும் மகிழ்ந்தார்.

குவளையை முகர்ந்து மட்டும் பார்க்கும்படி என் மனைவியிடம் கேட்டுக்கொண்டேன். நாவற்பழம் என்றார், சற்றுப் பொறுத்து, மழை பெய்த மறுநாள் மாட்டுக்கொட்டிலின் மரத்தூண் என்றார். மூர்வெத்ரவைப் பற்றி அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது என்று அந்த அம்மையார் அதைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

ஒரு பிழையும் நேர்ந்தது. குவளைகளை எடுக்கத் தாமதமாகிவிட்டதால், விருந்தினர் ரசம் சாதத்துக்குப் பிறகு மீதமிருந்த ஒயினை ஒரு வாய் அருந்திவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தள்ளி வைத்துவிட்டார். தாங்கள் எழுதிய ‘தண்ணீர்போல்’ என்பது என்னவென்று அவர் முகத்திலேயே தெரிந்தது. எண்ணெய்க் கத்தரிக்காயைப் பொறுத்தவரை இருவரும் வேறுபட்டார்கள். அம்மையாருக்குப் பிடித்திருந்தது, அவருக்குப் புளி மிஞ்சியதாகத் தோன்றியது. புளியை இன்னும் குறைத்திருக்கலாம் என்றே நானும் எண்ணுகிறேன். இரண்டாவது புட்டியை மறுநாள் இரவு கோலா உருண்டையோடும் மீந்த சேனை வறுவலோடும் திறந்தார்கள்.

குடந்தை அம்மாவிடம் ஒரு வேண்டுகோள். விருந்தினர் கடப்பாவின் செய்முறையைக் கேட்கிறார்கள். லியோனில் பாசிப்பருப்பு கிடைக்கிறதாம், பொட்டுக்கடலை கிடைப்பது அரிதாம். அதற்கு ஈடாக எதைச் சேர்க்கலாம் என்பதையும், நான்கு பேருக்கான அளவையும் எழுதி உதவ வேண்டும்.


மறுமொழி: குடந்தை அடுப்படி

கேட்டு மனம் குளிர்ந்தது, ஐயா. நான்கு பேருக்கு முக்கால் ஆழாக்குப் பாசிப்பருப்பு, நடுத்தர உருளைக்கிழங்கு மூன்று, அரை மூடித் தேங்காய், ஒரு தேக்கரண்டி கசகசா, முக்கால் தேக்கரண்டி சோம்பு, பச்சைமிளகாய் இரண்டு, இரண்டு பல் பூண்டு. பொட்டுக்கடலை இல்லையென்றால் ஆறேழு முந்திரியை ஊறவைத்து அரைக்கலாம். கொழுமை இன்னும் கூடும், ஒயினுக்கும் அது நல்லதே. தாளிப்புக்குப் பட்டை ஒரு துண்டு, கிராம்பு இரண்டு, பிரிஞ்சி இலை ஒன்று. அரைத்ததைச் சேர்த்தபின் நெடுநேரம் கொதிக்கவிடக் கூடாது; ஓரத்தில் நுரை கூடியதும் இறக்கிவிடச் சொல்லுங்கள்.